தொண்ணூறு அடியில் ஒரு பித்தளைப் பானை

ஒருவர் செய்ய வேண்டிய கடமையை இன்னொருவர் பறித்துச் செய்துவிட்டால், அந்தக் கடமை முதலாமவரை விட்டு இறங்கிவிடுமா? சிவரூபனின் வாழ்க்கை கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நின்றது. அவரைத் தெரிந்தவர்கள் கேட்டதோ வேறு. மட்டக்களப்பிலிருந்து உயிர் தப்பி ரொறன்ரோவுக்கு வந்த மனிதர், ஐம்பது வயதில், எலும்பைக் கொல்லும் குளிர்த் தண்ணீருக்குள் எதற்காக இறங்குகிறார்? பிறந்தநாள் விழாக்களில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை.

"ஊரில வாவியைப் பக்கத்தில வச்சுக்கொண்டு நீந்தத் தெரியாத ஆள். இஞ்ச வந்து காசு குடுத்துத் தாழுறார்."

அதில் பாதி உண்மை. சிவரூபன் நீந்தக் கற்றது முப்பத்தெட்டு வயதில், ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தின் நீச்சல் குளத்தில். பக்கத்து வரிசையில் ஆறு வயதுப் பிள்ளைகள் மிதவைப் பலகையோடு அவரை முந்திப் போனார்கள். அதே குளத்தில் ஞாயிறு மாலைகளில் ஒரு டைவிங் கழகம் பயிற்சி எடுத்தது. காற்றுத் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் குளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார். மூன்றாவது ஞாயிறு அவரும் உட்கார்ந்திருந்தார்.

தொழில், அடுக்குமாடிகளில் லிப்ற் திருத்துவது. இருபது மாடிக் குழிக்குள் இறங்கி, கம்பிவடங்களுக்கு நடுவே தனியே நின்று வேலை செய்பவருக்கு ஆழமும் இருட்டும் புதியவை அல்ல. கலியாணம் பேசி இரண்டு முறை குழம்பியது. மூன்றாவது முறை பேச யாரும் முன்வரவில்லை. தாயார் பரிமளம் அவரோடுதான் இருந்தார், ஸ்காபரோவில் ஏழாம் மாடியில், பதினொரு வருடம்.

அவர் விரும்பி இறங்கியது ஒரே ஒரு கப்பலுக்குத்தான். ஒஷாவாவுக்குக் கிழக்கே ஒரு சின்னப் படகுத்துறை. அங்கிருந்து நாற்பது நிமிடம் ஏரிக்குள் போனால் ஒரு மிதவை. அதன் சங்கிலியைப் பிடித்துத் தொண்ணூறு அடி இறங்கினால் 'எலைசா வார்ட்' கிடந்தது. இரண்டு பாய்மரம், வயிறு நிறைய நிலக்கரி. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்று நவம்பரில் ஏழு பேரோடு தாழ்ந்தது. ஐம்பது அடி வரை தண்ணீர் பச்சையாக, பொறுக்கக்கூடியதாக இருக்கும். அதற்குக் கீழே ஒரு கோடு கீறியதுபோலக் குளிர் தொடங்கும். முகமூடிக்கும் வாய்க்குழாய்க்கும் இடையே மூடாமல் கிடக்கும் உதடுதான் முதலில் மரத்துப்போகும். ஆடி மாதத்திலும் அடியில் நாலு பாகை. உப்பில்லாத அந்தக் குளிரில் மரத்தை அரிக்கும் புழு கிடையாது. சுக்கான் சக்கரம் நின்ற இடத்திலேயே நின்றது. சமையலறைத் தட்டில் ஒரு கோப்பை, கைபிடி உடையாமல்.

"இங்க எல்லாம் வச்ச இடத்தில இரிக்கு, கஸ்பர் அண்ணை," என்று ஒருமுறை சொன்னார். தன் விருப்பத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

கஸ்பர் அந்தப் படகின் சொந்தக்காரர். பாசையூரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர், அறுபது தாண்டியவர், வாய் ஓயாதவர். சனி ஞாயிறுகளில் டைவர்களை ஏற்றுவார். கிழமை நாட்களில் படகு சும்மா கிடப்பதைக் கண்டு, அஸ்தி கரைக்க வரும் சைவக் குடும்பங்களை ஏற்றலாமே என்று யோசனை சொன்னவர் சிவரூபன்தான். கஸ்பரின் தொலைபேசி இலக்கத்தைத் தெரிந்த ஐயர்மாருக்கெல்லாம் கொடுத்தவரும் அவர்தான். நங்கூரம் போட்டு இழுக்கும் கரைச்சல் வேண்டாமென்று, கஸ்பர் அந்தக் குடும்பங்களையும் கப்பலின் மிதவைக்கே கொண்டுபோய்ப் படகைக் கட்டுவார்.

"சனி ஞாயிறு உயிரோட இறங்கிறவை. மற்ற நாளில செத்து இறங்கிறவை," என்பார் கஸ்பர். "எனக்கு ரெண்டு பேரும் ஒண்டுதான், ஐசே. படகு ஆடினாலும் செத்தவை சத்தி எடுக்கிறேல்லை."

சாம்பலை மட்டும் கொட்டுங்கள், பாத்திரத்தைப் போடாதீர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் சொல்வார். தலையாட்டிவிட்டுப் பாத்திரத்தோடு போடுவார்கள். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. இப்படியாக எலைசா வார்ட்டின் முன்தளத்தில் மண்பானைகளும் எவர்சில்வர்க் குடங்களும் சேர்ந்தன. சிவரூபன் அவற்றைத் தாண்டி நீந்துவார், தொடமாட்டார். பார்க்கலாம், தொடக்கூடாது, எடுக்கக்கூடாது என்பது அங்கே இறங்குகிறவர்களின் சட்டம். ஓர் ஆணியைக் கொண்டுவந்தாலும் குற்றம். அந்தச் சட்டம் அவருக்குப் பிடித்திருந்தது.

2022 ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு இடியப்பமும் சொதியும் மேசையில் மூடி வைத்துவிட்டு அவர் புறப்பட்டார். ஒன்பது மணியளவில் பரிமளம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. கைப்பேசி கட்டிலில் கிடந்தது. சிவரூபன் இரண்டு முறை கப்பலுக்கு இறங்கி ஏறி, படகில் கஸ்பர் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டு, ஆறு மணிக்குக் கதவைத் திறந்தபோது குளியலறை வாசலில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

பரிமளத்துக்கு நினைவு இருந்தது. உதடு வெடித்திருந்தது.

"பைப் சொட்டிட்டே இருந்த மனே," என்றார். "கேட்டுட்டே கிடந்தன். கை எட்டல்ல."

பிறகு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கேட்டது ஒன்றுதான். "கப்பலைப் பாத்தியா?" குற்றமாகக் கேட்டாரா, மயக்கத்தில் கேட்டாரா என்று சிவரூபனால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் இனி வரப்போகும் மாமாங்கம் மட்டுமே கொடியவராகத் தெரிவார். மாமாங்கம் சிவரூபனின் ஒரே அண்ணன், ஒன்பது வயது மூத்தவர், ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிக் குடும்பத்தோடு இருந்தவர். சனிக்கிழமைகளில் தாயைப் பார்க்க ஒரு பெண் வருகிறாள் என்று சிவரூபன் அவரிடம் சொல்லியிருந்தார். அந்தப் பெண் சித்திரை மாதத்தோடு நின்றுவிட்டாள். வேறு ஆள் பிடிக்கப் பிந்தியது. பிந்தியதை அவர் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் சனிக்கிழமை போய்விடும்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மாமாங்கம் சத்தம் போடவில்லை. "அந்தப் பிள்ளை எங்க?" என்று மட்டும் கேட்டார். சிவரூபன் நிலத்தைப் பார்த்தார்.

"சரி. இனி அம்மாவை நீ பாக்கத் தேவல்ல."

தாயை ஸ்ரௌவ்வில்லுக்குக் கொண்டுபோனார்கள். சிவரூபன் இரண்டு முறை போய் அழைப்புமணியை அழுத்தினார். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது; கதவு திறக்கவில்லை. மாமாங்கத்தின் மகள் சஜிதா, மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், தகப்பன் இல்லாத வேளைகளில் கைப்பேசியை அப்பம்மாவின் காதில் பிடிப்பாள்.

"நீ வராத மனே. வந்தா அவன் என்னைத்தான் ஏசுவான்," என்பார் பரிமளம். அதன் பிறகு சிவரூபன் போவதை நிறுத்திக்கொண்டார். தாயின் சொல்லைக் கேட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சனிக்கிழமைகள் திரும்பவும் காலியாக இருந்தன. ஏரிக்குப் போனார்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, வேலைத்தலத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அன்புராசா என்பவர். பழைய அடுக்குமாடியில் பக்கத்து வீட்டில் இருந்தவர், பல வருடமாகத் தொடர்பில்லை.

"ஹலோ, சிவரூபன்ர ஃபோனோ?"

"ஓம்."

"நான் அன்புராசா கதைக்கிறன். இப்பதான் பாத்தனான். சரியான கவலை. தாய்க்கு முந்தியே மகனும் செத்துப்போட்டாரோ? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் ஆர், அவரோட வேலை செய்யிற ஆளோ?"

"நான்தான் சிவரூபன்."

"ஆர்?"

"சிவரூபன். எங்க பாத்த நீங்க?"

"ஐயோ. தம்பி, நான்... பேந்து எடுக்கிறன்."

மரண அறிவித்தல்களைப் போடும் இணையத்தளத்தைத் திறந்தார். தாயின் படம், அவருடைய வீட்டு பால்கனியில் அவரே எடுத்தது. கீழே வழக்கமான வாசகம்: இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், "மாமாங்கம், காலஞ்சென்ற சிவரூபன் ஆகியோரின் பாசமிகு தாயாரும்." தகனம் வியாழக்கிழமை காலை பதினொரு மணி. அப்போது நேரம் பன்னிரண்டரை.

தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் என்பது அவர்களிடையே வழக்கம். கொள்ளி வைக்க வேண்டியவர் சிவரூபன். ரொறன்ரோவில் கொள்ளி என்பது ஒரு பொத்தான். அதை மாமாங்கம் அமத்திவிட்டார்.

அன்று பின்னேரம் ஸ்ரௌவ்வில்லில் கதவு திறந்திருந்தது. செத்தவீட்டுக்குக் கதவை மூடுவதில்லை. வாசலில் நின்றவர்களில் இரண்டு பேர் சிவரூபனைக் கண்டு ஒதுங்கினார்கள். ஒருவர் உண்மையிலேயே பயந்துபோனார். மாமாங்கம் வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ரைப் பண்ணினவன்ட பிழை. மாத்தச் சொல்லியிரிக்கன்."

பிறகு தம்பியின் தோளில் கை போட்டுக் கார்களுக்கு நடுவே கூட்டிப் போனார். பார்ப்பவர்களுக்கு ஆறுதல் சொல்வதுபோல இருந்திருக்கும்.

"ஒன்பது மணித்தியாலம் அம்மா ஆருமில்லாமக் கிடந்தா. நீயும் கொஞ்சம் ஆருமில்லாமக் கிட."

"அண்ணன், அம்மாக்குக் கொள்ளி நான்தானே..."

"நீதான் செத்திட்டியே. போ."

தண்டனை கொடுப்பவருக்கு ஓர் அளவு தெரிந்திருக்க வேண்டும். மாமாங்கத்துக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே தாண்டினார். அறிவித்தல் மாற்றப்படவில்லை. முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் வைத்த படத்தின் கீழும் அதே வாசகம் இருந்தது. ரிச்மண்ட் ஹில் கோயிலில் சிவரூபனைக் கண்டவர்கள், "நீர் இருக்கிறீர்தானே?" என்று கேட்டுச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். சில காலம் அவர் கோயிலுக்கும் போகவில்லை.

ஏரிக்குப் போவதை மட்டும் விடவில்லை. தாயின் அஸ்தியை எங்கே கரைத்தார்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

இரண்டு வருடம் போயிற்று. 2025 ஆடி மாதம், தண்ணீர் அபூர்வமாகத் தெளிந்திருந்த ஒரு சனிக்கிழமை. அவரோடு இறங்கியவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். சங்கிலி முடியும் இடத்தில், நங்கூரம் சுற்றும் உருளைக்குப் பக்கத்தில், வழக்கமான பானைகள். எல்லாவற்றையும் சிறு சிப்பிகள் மொய்த்து மூடியிருந்தன. ஒன்றை மட்டும் மூடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அது மஞ்சளாகத் தெரிந்தது. பித்தளையில் சிப்பி ஒட்டாது. அதிலுள்ள செம்பு அதற்கு நஞ்சு. சிவரூபனுக்கு இது தெரியும், அதனால் முதலில் ஆச்சரியப்படவில்லை. அருகே போனபோது பானையின் வயிற்றில் ஒரு நெளிவு தெரிந்தது. பதினான்கு வருடத்துக்கு முன், வீடு மாறிய அன்று, அவர் கையிலிருந்து படியில் விழுந்து உண்டான நெளிவு. கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: பரிமளம். தைப்பொங்கலுக்கு மட்டும் அலுமாரியிலிருந்து இறங்கும் பானை.

கட்டியிருந்த சிவப்புத் துணி நழுவி, மூடி சாய்ந்திருந்தது. உள்ளே தடித்த பிளாஸ்ரிக் பை. அதன் கழுத்தை, வெட்டினால்தான் கழலும் வெள்ளை நிற பிளாஸ்ரிக் வரிப்பட்டி ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது, தகனசாலையில் கட்டிக் கொடுத்தபடியே. அதில் இலக்கம் பொறித்த சிறு உலோக வில்லை. பைக்குள் சாம்பல். வெளிர் சாம்பல் நிறத்தில், மாவைப்போல. ஒரு துளி நனையவில்லை.

தொண்ணூறு அடித் தண்ணீர் மேலே நின்றது. பைக்குள் ஈரம் இல்லை.

பக்கத்தில் தொட்டியில் உலோகம் தட்டும் சத்தம் கேட்டது. தீயணைப்பு வீரர் மணிக்கட்டைக் காட்டினார்: நேரம் முடிந்துவிட்டது. மேலே ஏறும் வழியில், உடம்பு பழகுவதற்காகப் பதினைந்து அடியில் மூன்று நிமிடம் தரித்து நிற்க வேண்டிய இடத்தில், சிவரூபன் சங்கிலியைப் பிடித்தபடி கீழேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

படகில் ஏறியதும் வாய்க்குழாயைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "அண்ணை, என்ட அம்மாவை இங்கயா கொண்டுவந்த?"

கஸ்பரின் கை தேநீர்ப் போத்தல் மூடியில் நின்றது.

"ஓம்."

"எப்ப?"

"அந்த ஆவணி. செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை நீர் வந்தனீர். சொல்லுவம் எண்டுதான் நினைச்சனான். உம்மட முகத்தைப் பாத்திட்டு விட்டிட்டன்."

"பையைத் திறக்கல்ல."

"நான் சொன்னனான், ஐசே. கத்தரிக்கோலும் குடுத்தனான். உம்மட அண்ணர் கேக்கேல்லை. அண்டைக்குக் காத்து. சாம்பல் திருப்பி மேல பறந்து வந்து வேட்டியில படும், படக்கூடாது எண்டார். அப்பிடியே கட்டிப் போட்டிட்டார். போட்டிட்டுக் கைகூப்பிக் கும்பிட்டவர், அதையும் சொல்லோணும். அழுதவர்."

சிவரூபன் தொட்டியைக் கழற்றி இருக்கையில் சாய்த்தார். கஸ்பருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அடுத்த கிழமை வாரும். ஒரு கத்தரி கொண்டுபோய் ஒரு வெட்டு. முடிஞ்சுது. எடுக்கக்கூடாது எண்டுதானே சட்டம். வெட்டக்கூடாது எண்டு இல்லையே."

அடுத்த சனிக்கிழமை கத்தரி கொண்டுபோனார். நூல், வலை எல்லாவற்றையும் வெட்டக்கூடியது. முழங்காலில் நின்று, தடித்த கையுறைக்குள் மரத்த விரல்களால் வரிப்பட்டியை இரண்டு அலகுக்கும் நடுவே கொண்டுவந்தார். அமத்த வேண்டியதுதான். நாலு நிமிடம் அப்படியே நின்றார் என்று பின்னர் தீயணைப்பு வீரர் கஸ்பரிடம் சொன்னார். நேரம் முடிந்ததென்று மணிக்கட்டில் இருந்த டைவிங் கணினி அலறியது. கத்தரியை எடுத்து உறையில் போட்டார். மூடியை நேராக வைத்து, துணியை இழுத்து முடிந்தார்.

அவர் மனதில் அப்போது இருந்தது தாய் அல்ல. ஸ்ரௌவ்வில் வீட்டின் கதவு. வெட்டிவிட்டால் சாம்பல் கரைந்துவிடும். அண்ணன் விட்ட பிழையும் அதோடு கரைந்துவிடும். இரண்டு வருடமாக அவர் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருந்தது. இதை அன்பு என்று எழுத முடியாது. குளியலறைத் தரையில் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்த ஒரு கிழவியை இன்னும் கொஞ்ச நாள் கிடக்க விட்டார். அவ்வளவுதான் அது.

ஆவணி முடியும்போது சஜிதா அழைத்தாள். "சித்தப்பா, அப்பாக்கு லங் கான்சர். வீட்டிலதான் வச்சிருக்கிறம். டொக்டர் கிழமைக் கணக்குத்தான் சொல்றார். உங்களைக் கேக்கிறார்."

இந்த முறை கதவு திறந்தது. வரவேற்பறையில் சோபாவை அகற்றிவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். மூக்கில் குழாய். இயந்திரம் மூச்சு விடும் சத்தம் தண்ணீருக்கடியில் தன் காதுக்குள் கேட்கும் சத்தத்தைப்போலவே இருந்தது. மாமாங்கம் பாதியாகிப் போயிருந்தார். வாய் மட்டும் மாறவில்லை.

"வந்திட்டியா. இரி. உன்னை மன்னிக்கக் கூப்பிடல்ல."

"தெரியும்."

"என்னை மன்னிக்கச் சொல்லியும் கூப்பிடல்ல."

"அதும் தெரியும். மறுகா எதுக்குக் கூப்பிட்ட?"

"எனக்குப் பொடியன் இல்ல. கொள்ளி நீதான் வைக்கணுமாம். ஐயர் சொல்றார்."

"காலஞ்சென்றவன் எப்பிடி அண்ணன் கொள்ளி வைக்கிற?"

மாமாங்கம் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமெடுத்தது. சஜிதா ஓடி வந்து முதுகைத் தடவிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

"நீ என்ன வேணுமெண்டாலும் நினை," என்றார் மாமாங்கம், மூச்சு வந்ததும். "நான் ஒழுங்கான ஆளில்ல. ஆனா அம்மாட காரியத்தில ஒரு குறையும் விடல்ல. என்ட சீவியத்தில நான் முழுசாச் செஞ்சது அது ஒண்டுதான். அதை நினைச்சிட்டுத்தான் கிடக்கன். என்னையும் அங்கயே கொண்டுபோ. அம்மா கரைஞ்ச இடத்தில கரை."

சிவரூபன் அண்ணனின் கையைப் பார்த்தார். ஊசி குத்திக் கறுத்த கை.

"அங்க ஒண்டும் கரையாது, அண்ணன்."

"என்ன?"

"சரியான குளிர். நூத்தி நாப்பது வருசமா எல்லாம் வச்சபடியே கிடக்கு. கட்டினது கட்டினபடி."

மாமாங்கம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார். "என்ன சொல்ற?"

சஜிதா தேநீரோடு வந்தாள்.

"கப்பலைச் சொன்னன்," என்றார் சிவரூபன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார்.

மாமாங்கம் அதற்குப் பிறகு பதினாறு நாள் இருந்தார். தகனசாலையில் பொத்தானை அமத்தியவர் சிவரூபன். இந்த அறிவித்தலில் அவர் "பாசமிகு சகோதரர்" ஆக, உயிரோடு இருந்தார்.

ஐப்பசியின் முதற் செவ்வாய், சஜிதாவின் காரில் படகுத்துறைக்குப் போனார்கள். பின் ஆசனத்தில் புதிதாக வாங்கிய பித்தளைப் பானை, ஆசனப் பட்டியால் கட்டப்பட்டு. வழியில் அவள் சொன்னாள்:

"அப்பா கடைசி நாளெல்லாம் ஒண்டையே கேட்டார், சித்தப்பா. பையைத் திறந்தனாங்களா, பையைத் திறந்தனாங்களா எண்டு. நான் அண்டைக்கு போட்டில நிண்டனான்தானே. ஓம், திறந்தனாங்கள் எண்டு பொய்தான் சொன்னன். ஒவ்வொரு முறையும் சொன்னன். அவர் நம்பேல்ல. என்ர கையைத் தட்டிவிட்டார்."

சிவரூபன் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்ன சொல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. முகத்தில் எதுவும் தெரியவில்லை என்று சஜிதா பின்னர் சொன்னாள். அதுதான் தனக்குப் பயமாக இருந்ததாம்.

ஏரி அசையாமல் கிடந்தது. காற்று இல்லை. கஸ்பர் மிதவையில் படகைக் கட்டி, தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டார். ஐயர் சொல்லிக் கொடுத்தபடி பாலும் பூவும் விட்டார்கள். சஜிதா பானையின் மூடியைத் திறந்து பையை வெளியே எடுத்துச் சித்தப்பாவின் கையில் வைத்தாள். அதே தடித்த பிளாஸ்ரிக், அதே வெள்ளைப் பட்டி, வேறு இலக்கம்.

"இந்தமுறை ஒழுங்காச் செய்வம், சித்தப்பா. பிளீஸ். வெட்டுங்க."

கஸ்பர் கத்தரிக்கோலை நீட்டினார். கீழே அந்தப் பை இன்னும் கட்டியபடியே கிடப்பது கஸ்பருக்குத் தெரியும், சஜிதாவுக்குத் தெரியாது. சிவரூபன் கத்தரிக்கோலை வாங்கினார். பட்டியை அலகுகளுக்கு நடுவே கொண்டுவந்தார். வெறும் கை, விரல்கள் மரக்கவில்லை.

பிறகு கத்தரிக்கோலைக் கஸ்பரிடம் திருப்பிக் கொடுத்தார். பையைப் பானைக்குள் வைத்து மூடினார். சிவப்புத் துணியைச் சுற்றி, நழுவாதபடி இரண்டு முடிச்சுப் போட்டார். மிதவைச் சங்கிலி தாயின் பானையை நோக்கி எந்தப் பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது என்று குனிந்து பார்த்து, அந்தப் பக்கமாகப் போய், இரண்டு கையாலும் பானையைத் தண்ணீர் மட்டம் வரை இறக்கி, விட்டார்.

"சித்தப்பா! ஏன்?"

மஞ்சள் நிறம் கொஞ்ச நேரம் தெரிந்தது.

சஜிதா ஒஷாவா வரும்வரை கேட்டாள். கஸ்பர் அடுத்த சனிக்கிழமை கேட்டார், பழிக்கா, துணைக்கா என்று நேரடியாகவே கேட்டார். சிவரூபன் தொட்டியின் அழுத்தத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கத்தரியை உறையோடு கழற்றிப் படகின் இருக்கையில் வைத்துவிட்டு, சங்கிலியைப் பிடித்து இறங்கினார்.